பயணப் படம் எடுக்கப் பழகுவோர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்

பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலை, பினாங்கு, பத்துமலை என்று குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன. வீடு திரும்பும்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் முந்நூறு, நானூறு படங்கள் சேர்ந்திருக்கும். பெரும்பாலானவை ஒரே மாதிரிதான்: பின்னால் ஓர் இடம், முன்னால் வரிசையாக நிற்கும் உறவினர்கள், கண்ணுக்குக் கீழே கருநிழல். ஆறு மாதம் கழித்து அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நல்ல கேமரா இல்லாததுதான் இதற்குக் காரணம் என்று நினைத்துக் கடைக்குப் போவோர் உண்டு. தொடக்கத்தில் அந்தச் செலவு தேவையில்லை. நடுத்தர விலையில் வாங்கிய விவேகக் கைப்பேசியே முதல் ஓராண்டுக்குப் போதும். பையில் கிடந்த கைப்பேசியின் லென்சில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுத்தாலே பாதி மங்கல் போய்விடும். தூரத்தில் இருப்பதை விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், நாலு அடி முன்னே நடந்து எடுப்பது நல்லது. கருவியைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

உண்மையில் படத்தைத் தீர்மானிப்பது நேரம். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் உதிக்கிறது. மாலையிலும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைகிறது. 1982-ஆம் ஆண்டின் முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. விடியல் இவ்வளவு தாமதமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உச்சி வெயிலும் இங்கே 12 மணிக்கு வருவதில்லை. பிற்பகல் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது.

வெளிநாட்டுக் காணொலிகளில் பொன்னிற வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்பதுபோல் காட்டுவார்கள். அங்கே கோடையில் சூரியன் சாய்வாக நகர்வதால் அது சரி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள நம் நாட்டில் அது ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வீதம் ஏறிவிடும். முகத்தில் மென்மையாக விழும் மஞ்சள் வெளிச்சம் காலையில் அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான். மாலையிலும் அவ்வளவே. காலை 10 மணிக்குச் சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் அதைத் தவறவிட்டவர்கள்.

அதற்காக நண்பகலில் கைப்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டியதில்லை. நிழலுக்குள் போய்விட வேண்டும். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை, கோயில் மண்டபம், ஒட்டுக்கடைக் கூரை ஆகிய இடங்களில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும். முகத்தில் கருநிழல் விழாது. மேகமூட்டமும் பகை அல்ல. மழை விட்ட பிறகு ஈரத் தார்ச்சாலையில் விழும் கடை விளக்குகளின் பிரதிபலிப்பைப் படம் எடுக்கக் குடையோடு காத்திருப்போர் உண்டு.

நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் அடிக்கடி வரும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வெளுத்த வானத்தைப் பின்னால் வைத்து நின்றால், கைப்பேசி அந்த வெள்ளையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். மாநிற முகம் கறுத்துப் போகும். குறை முகத்தில் இல்லை. திரையில் அந்த முகத்தின் மேல் ஒருமுறை தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் சரியாகிவிடும். கேமரன் மலை மூடுபனியிலும் இதே கதைதான்: தேயிலைச் சரிவு அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்தால் வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும்.

இன்னொன்று, புழுக்கம். ஏர்கோன் பேருந்திலிருந்து இறங்கியதும் லென்சில் நீராவி படிந்துவிடும். துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் தானே போய்விடும். பிற்காலத்தில் கேமரா வாங்குவோர் அதை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தால், இந்நாட்டு ஈரப்பதத்தில் லென்சின் உட்புறம் பூசணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது மலிவான வழி.

பழகுவதற்கு நல்ல இடம் ஒன்று பேராக்கில் இருக்கிறது. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய இந்த மாளிகை, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. கட்டியவர்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். தொற்றுக் காய்ச்சலில் பலர் மாண்டபோது தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் மாரியம்மன் கோயில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் கோயிலின் மேற்பகுதியில், சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியும் வெள்ளை உடுப்பும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது ஸ்மித்தான் என்பது வழக்கு.

வருகிறவர்களில் பெரும்பாலோர் மாளிகையின் முகப்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே இடத்தை மூன்று தூரங்களில் எடுத்துப் பார்க்கலாம். முதலில் தொலைவிலிருந்து, மேடும் புல்லும் வானமும் சேர்ந்த முழு மாளிகை. அடுத்து நடுத்தூரம்: ஒரு வளைவுக்குள் நடந்து போகும் மனிதர், ஆள் ஒருவர் இருந்தால்தான் கட்டடத்தின் உயரம் புரியும். பிறகு மிக அருகில், பூச்சு உதிர்ந்த சுவரில் தெரியும் செங்கல். அந்தச் செங்கலை அடுக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. கடைசியாகக் கோயிலுக்குப் போய் அந்தத் தொப்பிக்காரரையும் எடுத்துவிட்டால், நான்கே படங்களில் அந்த ஊர்க் கதை வந்துவிடும். முகப்புப் படம் நாற்பது இருந்தாலும் அது வராது.

பத்துமலையிலும் இதைச் செய்யலாம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும், 2018-இல் வண்ணம் பூசப்பட்ட 272 படிகளையும் கீழிருந்து எடுத்த படங்கள் போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கின்றன. பாதி ஏறித் திரும்பிக் கீழே பார்த்தாலும், குகைக்குள் மேலே திறந்த துளை வழியே இறங்கும் வெளிச்சத்துக்குக் காத்திருந்தாலும் வேறு படம் கிடைக்கும். குரங்குகள் கைப்பேசியைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தனி வேலை.

மனிதர்களைப் படம் எடுப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுப்பார்கள். அல்லது மூக்குக்கு நேரே கைப்பேசியை நீட்டுவார்கள். தேநீர் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள். மறுப்பவரிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் பதில் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். கூட வரும் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். அலகு குத்தும்போது முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது அநாகரிகம்.

விமானம் ஏறிப் போவதுதான் பயணம் என்றில்லை. தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்கு ஒரு நாள் போய் வருவதும் பயணம்தான். அது தள்ளிப்போட முடியாத பயணமும்கூட. புத்ராஜெயா இன்று நிற்கும் நிலத்தில் முன்பு பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்தது. 1980-களிலிருந்து இன்னும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படம்தான், கழுவக் காசு வேறு. அதனால் கல்யாணமும் வகுப்புப் படமும் எடுத்தார்களே தவிர, பெரட்டுக் களத்தையும் குழாயடியையும் ஆயாக் கொட்டகையையும் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மிச்சமிருக்கும் தோட்டங்களிலாவது இவற்றை எடுக்கலாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் முதலில் ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். அங்கே வளர்ந்த ஒரு பெரியவரையும் அழைத்துப் போனால், எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். அதைக் கைப்பேசியிலேயே குரலாகப் பதிந்துகொள்ளலாம்.

எடுத்த படங்களைக் காப்பாற்றுவதும் வேலைதான். புலனத்தில் வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அசல் அப்படியே போகும். கைப்பேசி தொலைந்தால் எல்லாம் தொலையும் என்பதால் இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். திரும்பி வந்த அதே வாரத்தில் உட்கார்ந்து முந்நூறை முப்பதாகக் குறைத்துவிடலாம். அவற்றில் பத்தையாவது படக்கடையில் 4ஆர் அளவில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி, கீழே இடம், தேதி, படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பெயர் தெரியாத முகங்களுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்பெயரோடு சொந்தப் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது. 'பெரியம்மா' என்று மட்டும் எழுதினால், அது யாருடைய பெரியம்மா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.