பாண்டியன் குதிரையும் ஜட்கா குதிரையும்

குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த கதை நமக்கெல்லாம் தெரியும். நரி பரியானதைச் சொல்லிச் சிரிப்போம். நிஜக் குதிரைகளின் கதி அவ்வளவு சிரிப்பாக இல்லை.

1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஆர்முஸ், ஏடன் பக்கமிருந்து அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவார்; ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது. குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லையாம். தெரிந்தவர்களை வியாபாரிகள் வரவிடுவதும் இல்லையாம். செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

தீனி என்ன? சோற்றோடு வேகவைத்த இறைச்சி என்கிறார். சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீகர் வஸ்ஸாஃப் வேறு விதமாகச் சொல்கிறார்: வறுத்த பார்லி, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைப்பார்களாம். பிறகு பழக்காமலே ஏறி விரட்டுவார்களாம். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் செத்தாலும் பணம் கஜானாவிலிருந்து போகும்.

வெயிலும் கொன்றிருக்கும். ஆனால் பாதிப் பழி தீனிக்குத்தான் என்பது என் எண்ணம். குதிரைக்கு உடம்புக்கேற்ற இரைப்பை கிடையாது, சிறியது. வாந்தி எடுக்கவும் முடியாது. புல் பெருங்குடலில் ஊறி நொதித்துத்தான் செரிக்கும். மாவுப்பொருள் மிகுதியாக அங்கே போய்விட்டால் புளித்து, வாயு கட்டி, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தரையில் புரளும். சில குதிரைகளுக்குக் குளம்பே வெந்து போகும். நடக்காமல் கட்டிக்கிடந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அரசர் வீட்டு உபசாரமே எமனாக வந்திருக்கிறது.

எங்கள் முதலியார்பேட்டை ஜட்காக்காரர்களுக்கு இது பாடமாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும். ஓடி வந்த குதிரைக்கு வியர்வை அடங்குமுன் கொள்ளு காட்டமாட்டார்கள். முதலில் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு புல். அதற்கப்புறம்தான் வேகவைத்து ஆறவைத்த கொள்ளு, அதுவும் அளவாக. கொள்ளைப் பச்சையாகப் போட்டால் செரிக்காது என்பார்கள். வேகவைத்தால் செரிமானத்தைத் தடுக்கும் சத்து குறைகிறது என்று இன்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள்.

மற்ற நேரமெல்லாம் புல்தான். அருகம்புல் கிடைத்தால் விசேஷம். ஜட்காவுக்குள் நாம் உட்கார்ந்த மெத்தையே புல்தானே, மேலே ஒரு சாக்கு. சவாரி இல்லாதபோது அதிலிருந்து ஒரு பிடி உருவிப் போடுவார்கள். சாயங்காலம் ஏறினால் இருக்கை தாழ்ந்திருக்கும்.