நெல்லுச்சோறு வந்த பிறகு

கடத்தூர் பக்கம் வயசானவங்களோட உட்கார்ந்து பேசினா, பேச்சு எப்படியும் சாப்பாட்டுல வந்து நிக்கும். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மத்த நாளெல்லாம் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாமைச்சோறு. 1965 வரை சேலத்தோடு இருந்த இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய மேட்டுநிலம். விளைந்ததைத் தின்றார்கள், அவ்வளவுதான். அதை 'ஆரோக்கிய உணவு' என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பஞ்சத்தில் அதுவும் கிடைக்காது.

1967இல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தபோது சென்னைக்கும் கோவைக்கும்தான் கிடைத்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் ரேஷன் அரிசி இலவசம். தினமும் நெல்லுச்சோறு என்பது ஒரு தலைமுறையின் கனவு. அது நிறைவேறியதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா கூடவே வேறு சிலதும் மாறின. திருகைக்கல் போய் மாவு மில் வந்தது. காட்டு வேலைக்கு நடந்தவர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். சோறு கூடியது, உடம்பு அசைவது குறைந்தது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

வசதி வந்தாலே நோயும் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 1979இல் தொடங்கிய ஆய்வு, மெக்சிகோ வம்சாவளியினரை ஏழைக் குடியிருப்பு, நடுத்தரப் பகுதி, வசதியான புறநகர் என்று பிரித்துப் பார்த்தது. அங்கே வசதியான பகுதிக்குப் போகப் போக, குறிப்பாகப் பெண்களிடம், உடல் பருமனும் சர்க்கரையும் குறைந்தன. நம்ம ஊர்லயும் காற்று அந்தப் பக்கம் திரும்புது. வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று அதே இந்தியாப் ஆய்வின் 2017 அறிக்கை காட்டியது. ஒரு காலத்தில் பணக்கார வியாதி என்று பேர் வாங்கியது இது!

2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. நல்ல விஷயம், கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனா கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவில்லாமல் தின்றால் சர்க்கரை ஏறும். இன்னொன்று, களி கிண்ட அடுப்படியிலேயே நிக்கணும், கட்டி தட்டாம துடுப்பு போடத் தோளில் வலு வேணும். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்குக் குக்கரில் அரிசி வைப்பதுதான் சுலபம்.