உத்திரமேரூர் கல்வெட்டும் ஒரு துளி நயோபியமும்

காஞ்சிபுரத்துல இருந்து ஓரிக்கை தாண்டி, பாலாறு கடந்து தெற்கே போனா உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கதான் இருக்கு. வயசு சுமார் 1,100. கல்வெட்டு வெட்டின அன்னிக்கு யாராவது 100 கிராம் நயோபியம்-94 அங்க வச்சிருந்தா, இன்னிக்கும் 96 கிராம் மிச்சம் இருக்கும். அதோட அரை ஆயுள் சுமார் 20,000 வருஷம்.

எதுக்கு இந்தக் கணக்கு? அணுப்பிணைவு உலையைக் 'கழிவே இல்லாத மின்சாரம்'னு சொல்றாங்க. பாதி உண்மை. பிணைவுல மிஞ்சுறது ஹீலியம், அது சாது. ஆனா கூடவே பறக்கிற நியூட்ரான் உலைச் சுவர்ல மோதி, அந்த உலோகத்தையே கதிரியக்கமா மாத்திடும். சாதாரண நயோபியம் ஒரு நியூட்ரானை விழுங்கினா நயோபியம்-94. மாலிப்டினம் வழியா வர்ற டெக்னீசியம்-99 இன்னும் மோசம்: 2 லட்சம் வருஷத்துக்கு மேல.

உத்திரமேரூருக்குக் கிழக்கே, கடலோரம் கல்பாக்கம். 2019-ல செங்கல்பட்டு மாவட்டம் பிரியுற வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு, 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சூண்டு நயோபியம் சேர்த்த எஃகு கைப்பழக்கம். வேக ஈனுலையோட நீராவி ஜெனரேட்டருக்கு அதுதான். 2006-ல இந்தியா பிரான்சில் அமையும் ஈட்டர் உலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டது. அதுல வைக்கிற சோதனைப் பகுதிக்கு அந்த எஃகு ஆகாது.

அதனால மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நயோபியத்துக்குப் பதில் டான்டலம். விகிதங்களை மாத்தி மாத்திப் பார்த்து, கடைசியில் 1.4 சதவீத டங்ஸ்டன், 0.06 சதவீத டான்டலம்னு முடிவாச்சு. பேரு இன்ராஃப்எம்.

மாத்தினது கூட பெரிசில்ல. நயோபியம் அழைக்காமலே வரும் விருந்தாளி. மூலப்பொருளோட தூசி மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துடும். பழைய இரும்பைப் போட்டு உருக்கினா கதை முடிஞ்சுது. ஹைதராபாத் மிதானி ஆலையில் பொறுக்கியெடுத்த மூலப்பொருளை வெற்றிடத்தில் உருக்கி, மறுபடியும் வெற்றிடத்தில் உருக்கினாங்க. பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் கீழே நயோபியத்தை வைக்கணும்னா சும்மாவா?

இந்த வகை எஃகைச் சுமார் 100 வருஷம் பாதுகாப்பா வச்சிருந்தா, திரும்பக் கையாளலாம்ங்கிறது கணக்கு. மூணு தலைமுறை. என் பார்வையில் அதுவும் சின்னக் கடன் இல்ல.

ஈட்டரோட முக்கிய உடல்பாகம் இன்னும் நிக்கல் கலந்த துருப்பிடிக்காத எஃகுதான். பிணைவு நியூட்ரானை வருஷக்கணக்கா வாங்கின எஃகும் உலகத்துல இதுவரை இல்ல. அதைச் சோதிக்கிற இயந்திரம் ஸ்பெயின்ல, கிரனாடா பக்கம் அமையுது.