அடைப்புக்குறிக்குள் ஒரு பொறுப்பு

2009 ஜனவரி 7, புதன்கிழமை. பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். வழக்கமாக கிரிக்கெட் ஓடும் ஹாஸ்டல் டிவியில் அன்று வணிகச் செய்தி ஓடியது. சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்தவன், "மச்சி, இதுக்கு எத்தனை சைபர்டா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் எங்களுக்கு கேம்பஸ் இன்டர்வியூ.

மோசடியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னை இன்னும் உறுத்தும் கேள்வி வேறு. மறுநாள் காலை அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

சத்யம் அன்றே ஒரு பதில் சொன்னது. இயக்குநர் குழுவில் இருந்த ராம் மைனம்பாட்டியை இடைக்காலத் தலைமைச் செயல் அதிகாரியாக அறிவித்தார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல பிரச்சினை. வெளியுலகம் நம்பிக்கை இழந்தது அந்தக் குழுவின் மீதேதான். அதற்குள்ளிருந்தே ஒருவரை எடுத்து உட்கார வைத்தால் பெயர்ப்பலகை மட்டும்தானே மாறும்?

இரண்டே நாளில் மத்திய அரசு, கம்பெனி சட்ட வாரியம் வழியாக அந்தக் குழுவை விலக்கியது. ஜனவரி 11 அன்று தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகிய மூவரை நியமித்தது. சில நாட்களில் தருண் தாஸ், எல்.ஐ.சி.யின் மைனக், சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என். மனோகரன் ஆகியோரும் சேர்ந்தார்கள்.

நேரடியாக ஒரு நிரந்தரத் தலைவரைத் தேடியிருக்கலாமே? முடியாது. நிறுவனத்திடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாதபோது, எந்த வேலைக்கு ஆள் எடுப்பது? காத்திருக்கவும் முடியாது. மாதக் கடைசியில் ஐம்பதாயிரம் பேருக்குச் சம்பளம் போட வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும் அபாயமும் இருந்தது.

புதிய குழு செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. பிப்ரவரி 5 அன்று தலைமைச் செயல் அதிகாரியாக அவர்கள் தேர்ந்தெடுத்தது நிறுவனத்துக்குள்ளேயே பல்லாண்டு வேலை பார்த்த ஏ.எஸ். மூர்த்தியை. துணைக்கு வெளியிலிருந்து இரண்டு ஆலோசகர்கள். நம்பிக்கை உடைந்த இடம் மேல்மட்டம், அதனால் அங்கே வெளியாட்கள். வேலை நடக்கும் இடம் உடையவில்லை, அதனால் அங்கே உள்ளாள். ஏப்ரல் 13 அன்று ஏலத்தில் பங்குக்கு 58 ரூபாய் கேட்ட டெக் மஹிந்திரா வென்றது. ஜூனில் அதன் சி.பி. குர்னானி தலைமையேற்றார். மூர்த்தி அந்த நாற்காலியில் இருந்தது சில மாதங்கள்தான்.

இதற்கு நேர்மாறானதை நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பார்த்தேன். எங்கள் பிரிவின் தலைவர் திடீரென்று விலகினார். "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கங்க" என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் பதினான்கு மாதமானது. அவர் திறமைசாலிதான். ஆனால் எதைக் கேட்டாலும், "புதுசா வர்றவர் முடிவு பண்ணட்டும்" என்பார். என்ன செய்ய வேண்டும், எதுவரை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல ஆட்களெல்லாம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். புரோகிராமர்களுக்கு இது தெரிந்த கதைதான்: 'தற்காலிகம்' என்று கமென்ட் போட்ட கோடுதான் பத்து வருடம் ஓடும்.

நம் ஊர் அலுவலகப் பலகைகளில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதுவார்கள். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, நிரந்தரமாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு விவரமும் கையில் இல்லை என்றால் அந்த அடைப்புக்குறி தேவைதான். ஆனால் அதைத் திறக்கும்போதே எங்கே மூடுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஆறு பேருக்கு அது தெரிந்திருந்தது: நிறுவனத்தை மூழ்காமல் பிடித்து, தகுந்த கையில் ஒப்படைப்பது. எங்கள் பொறுப்பாளருக்கு அதை யாரும் சொல்லவே இல்லை. பாவம், அவரும் கடைசியில் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்.