கிணறும் நாடாவும்

யப்பானியப் பழங்கதையிலே ஒகிக்கு என்னும் பணிப்பெண், பத்துத் தட்டுகளுள் ஒன்றைத் தொலைத்தாளெனப் பழிசுமத்தப்பட்டுக் கிணற்றில் மாண்டு, இரவுதோறும் தட்டுகளை எண்ணி அழுகிறாள். அத்தகைய கிணறொன்று 1998ஆம் ஆண்டிலே வீடியோ நாடாவுக்குள் புகுந்தது. ஹிதேயோ நக்காத்தா இயக்கிய ‘ரிங்கு’ என்னும் அத்திரைப்படத்துக்கு, கோஜி சுசுக்கி 1991இல் வெளியிட்ட நாவலே மூலம். நாடாவைக் கண்டவர் ஏழாம் நாள் இறப்பர். பிரதியெடுத்துப் பிறருக்குக் காட்டியவரே பிழைப்பர்.

இக்கற்பனைக்குப் பின்னால் மெய்யான துயரமொன்றுண்டு. மூடிய பொருளுள் இருப்பதை அறிவாள் எனப்பட்ட மிபுனே சிசுக்கோ என்னும் பெண்ணை, உளவியலறிஞர் புக்குராய் தொமொக்கிச்சி 1910இல் தோக்கியோவிலே அறிஞர் முன்னிலையிற் சோதித்தார். ஐயமும் ஏளனமும் எழுந்தன. 1911இல் அவள் நஞ்சுண்டு மாண்டாள். படத்திலே பேயாக வரும் சடாக்கோவின் தாயும் செய்தியாளர் கூட்டத்தில் இகழப்படுகிறாள். பின்னர் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

வீடியோக் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமும் 2016இல் அவற்றின் உற்பத்தியை நிறுத்தியது. நாடா வழக்கொழிந்தது. எனினும், பிறர் துன்பத்தை வேடிக்கை பார்த்து, அதைப் பிரதிசெய்து, இன்னொருவர் கையிற் கொடுத்துத் தான் தப்பும் மனம் ஒழியவில்லை. படத்தின் அச்சம் அங்கேயே உறைகின்றது.