இரண்டு வயதுகள்: இந்தியச் சட்டத்தில் பெண்ணின் இசைவும் பெற்றோரின் காப்புரிமையும், 1860–2025

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் ஒரு பெண்ணுக்கு இரண்டு வயதுகளை வகுத்தது. 375ஆம் பிரிவின்படி 10 வயது நிரம்பியவள் உடலுறவுக்கு இசைவு தரலாம். 361ஆம் பிரிவின்படி 16 வயது நிரம்பும்வரை, காப்பாளரின் அனுமதி இல்லாமல் அவளை வீட்டிலிருந்து அழைத்துச் செல்வது கடத்தல் குற்றம். அவளே விரும்பிப் போனாளா என்ற கேள்விக்கு இரண்டாவது பிரிவில் இடமில்லை. இசைவு வயதைப் பற்றி நூற்றுமுப்பது ஆண்டுகளாக எழுதியவர்கள் பெரும்பாலும் முதல் பிரிவையே பின்தொடர்ந்தார்கள். இன்றைய பதின்பருவக் காதல் வழக்குகளின் வேர் இரண்டாவது பிரிவில்தான் அதிகம் ஓடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

361இன் பூர்வீகம் இங்கிலாந்து. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், சொத்துக்கு வாரிசான சிறு பெண்களை ஆசை காட்டி மணந்து நிலபுலத்தைக் கைப்பற்றுவோரைத் தடுக்க அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் வழிவந்த 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1875இல் நடந்த பிரின்ஸ் வழக்கில், பெண் தன் வயதை 18 என்று சொன்னதை நம்பி அழைத்துப் போனவனுக்கும் தண்டனை உறுதியானது. தகப்பனின் பொறுப்பிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துச் செல்வதே தவறு, வயதை அறியாமல் செய்தாலும் தவறுதான் என்பது அங்கே வென்ற தர்க்கம். இந்தியாவில் இந்தப் பிரிவு சொத்துள்ள வீட்டோடு நிற்கவில்லை. சாதியைக் காக்க நினைக்கும் எந்த வீட்டுக்கும் பயன்பட்டது.

முதல் பிரிவின் வரலாறு நன்கு அறியப்பட்டது. பெஹ்ராம்ஜி மலபாரி 1884இல் குழந்தை மணம் பற்றி வெளியிட்ட குறிப்புகள் விவாதத்தைக் கிளப்பின. பதினோரு வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவனுடன் வாழ மறுத்து நடத்திய பம்பாய் வழக்கு அதைச் சூடாக்கியது. கல்கத்தாவில் சுமார் பதினோரு வயதான பூல்மணி, முப்பதைத் தாண்டிய கணவனின் வன்புணர்ச்சியால் இறந்தாள். அவள் 10ஐக் கடந்துவிட்டதால் அது சட்டப்படி வன்புணர்ச்சி ஆகவில்லை; கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். 1891 ஜனவரியில் ஆண்ட்ரூ ஸ்கோபிள் கொண்டுவந்த மசோதா மார்ச் 19 அன்று சட்டமாகி, வயது 12 ஆனது. பெண் பூப்பெய்தியவுடன் சாந்தி முகூர்த்தம் நடத்துவது சாஸ்திரக் கடமை, அதில் அரசு கைவைக்கக் கூடாது என்று வைதிகர்கள் எதிர்த்தனர். அந்நிய ஆட்சி நம் வீட்டுக்குள் நுழைவதா என்றார் திலகர். அந்தக் கூச்சலில், பெண் யாரோடு வாழ விரும்புகிறாள் என்பதை இரு தரப்பிலும் அநேகமாக யாரும் கேட்கவில்லை. ருக்மாபாய் மட்டும் கேட்டார்.

1925இல் வயது 14 ஆனது. கணவனுக்கு மட்டும் 13. இச்சட்டம் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று ஆராய 1928இல் அமைந்த ஜோஷி குழு, நாட்டில் பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது என்று கண்டது. அடுத்த ஆண்டு மணவயதை வகுத்த சாரதா சட்டம் வந்தது: பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. 1930 ஏப்ரல் 1 அன்று அது அமலுக்கு வரும் முன்பே அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. மீறி நடந்த மணமும் செல்லும் என்று சட்டமே விட்டுவைத்திருந்ததால் அதன் பல் அவ்வளவு கூராக இல்லை.

இந்த இடத்தில் தமிழகத்துக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றதோடு, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்தே தீர்மானமாக்கியது. வயதைக் காப்பாகவும் தேர்வை உரிமையாகவும் ஒரே மூச்சில் சொன்ன அந்தத் தீர்மானம், சட்டமன்ற விவாதங்களைவிடத் தெளிவானது என்பேன்.

1949ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத்தை வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அச்சட்டம் இசைவு வயதை 16 ஆக்கியது, கணவனுக்கு 15. அதே கையோடு 361இன் வயதையும் பெண்ணுக்கு 16இலிருந்து 18ஆகவும் ஆணுக்கு 14இலிருந்து 16ஆகவும் உயர்த்தியது. 1860இல் ஆறாண்டாக இருந்த இடைவெளி 1891இல் நான்காகவும் 1925இல் இரண்டாகவும் சுருங்கி வந்தது. 1949இல் இரண்டு வயதுகளும் சேர்ந்து ஏறியதால் அந்த இரண்டாண்டு அப்படியே நின்றது. 16க்கும் 18க்கும் நடுவில் இருந்த பெண் தன் உடலைப் பற்றி முடிவு செய்யலாம். ஆனால் தகப்பன் வீட்டு வாசலைத் தாண்டினால் உடன் வந்தவன் கடத்தல்காரன்.

அந்த இரண்டாண்டுக்குள் நின்ற வழக்குதான் வரதராஜன் எதிர் சென்னை மாநிலம். 1960இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஓர் அரசு அதிகாரியின் மகள், கல்லூரி மாணவி, பக்கத்து வீட்டு இளைஞனை மணக்க விரும்புவதாக அக்காளிடம் சொன்னாள். தகப்பனார் அவளைக் கோடம்பாக்கத்தில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை அங்கிருந்து கிளம்பி, தானே தொலைபேசியில் அவனை வரச்சொல்லி, காரில் ஏறினாள். மணம் செய்துகொள்வதாகப் பதிவு அலுவலகத்தில் ஒப்பந்தம் எழுதிவிட்டு இருவரும் சாத்தூர், கோயம்புத்தூர் என்று சுற்றினார்கள். நவம்பரில் தஞ்சாவூரில் போலீசார் பிடித்தனர். வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று அவளுக்கு 18 நிரம்ப ஆறு வாரம் பாக்கி. கீழ் நீதிமன்றங்கள் அவனுக்கு ஓராண்டுச் சிறை விதித்தன.

உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிபதி முதோல்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: அழைத்துச் செல்வது வேறு, தானாக வருபவளைக் கூட வரவிடுவது வேறு. விவரம் தெரிந்த வயதில், தன் விருப்பத்தின் பேரில் வீட்டைவிட்டு வந்தவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. அவள் போவதற்கு அவன் தூண்டுகோலாக இருந்ததைக் காட்டினால்தான் குற்றம். சட்டத்தின் வாசகத்தில் இல்லாத பெண்ணின் மனம், இந்தத் தீர்ப்பின் வழியாக உள்ளே வந்தது. ஆனால் 1972இல் ஹரியானா வழக்கொன்றில் அதே நீதிமன்றம், ஆசைவார்த்தையால் பெண்ணின் மனத்தில் விருப்பத்தை உண்டாக்குவதும் கடத்தலுக்குப் போதும் என்றது. அன்றிலிருந்து கீழ் நீதிமன்றங்கள் தங்களுக்கு ஏற்ற முன்னுதாரணத்தை எடுத்துக்கொண்டன.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்தபோது 18க்குக் குறைந்த எல்லாரும் குழந்தை ஆனார்கள். 2011ஆம் ஆண்டு மசோதா 16 முதல் 18 வரையிலானவரின் இசைவைக் கணக்கில் எடுக்க இடம் தந்திருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் சொல்லுக்கு இணங்க அது நீக்கப்பட்டது. 2013 ஜனவரியில், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த வர்மா குழு 16ஐப் பரிந்துரைத்தது. மார்ச்சில் அமைச்சரவை அதை ஏற்று, கட்சிகளின் எதிர்ப்பில் பின்வாங்கியது. தண்டனைச் சட்டத்திலும் 18 என்றே ஆனது. 1860இலிருந்து இருந்த இடைவெளி மறைந்தது. ஆண்குழந்தைகளையும் காத்தது, குழந்தைக்கு நட்பான விசாரணைக்கு வழிசெய்தது போன்ற போக்சோவின் நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால் வரதராஜன் தீர்ப்பு பெற்றோருக்கு மறுத்த கருவியை இந்தச் சட்டம் பெருக்கிக் கொடுத்தது. 1960இல் ஓராண்டுச் சிறையோடு நின்ற வழக்கு, 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது பத்தாண்டு தண்டனையாகலாம்.

இன்னொரு முரண் ஐந்தாண்டு நீடித்தது. கணவனுக்கான 15 வயது விதிவிலக்கை 2013 திருத்தமும் தொடவில்லை. பெற்றோர் மணமுடித்து வைத்த 15 வயதுப் பெண்ணின் விருப்பம் தேவையில்லை. 17 வயதில் தானே விரும்பியவளின் விருப்பம் செல்லாது. இந்தியச் சட்டம் இசைவு என்று எதைக் கருதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம்தான் அந்த விதிவிலக்கை 18க்கு உயர்த்தியது.

புகார் கொடுப்பவர் யார் என்பதில்தான் காப்புரிமை வெளிப்படுகிறது. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் 2016–2020 போக்சோ தீர்ப்புகள் 7,064ஐ எண்ஃபோல்ட் அமைப்பு ஆராய்ந்தது. 1,715 வழக்குகள், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, காதல் வழக்குகள். அவற்றில் சுமார் 80 விழுக்காட்டில் புகார் தந்தவர்கள் பெற்றோரோ உறவினரோ. பெரும்பாலான வழக்குகள் விடுதலையில் முடிந்தன. வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘பெண்ணைக் காணோம்’ என்று ஸ்டேஷனில் தொடங்கும் புகார், பள்ளி டி.சி.யில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்ததும் போக்சோவாக மாறும். பெண் காப்பகத்துக்கும் பையன் சிறைக்கும் போவார்கள். பையனின் சாதி கீழ் என்றால் வேகம் இன்னும் கூடும்.

சென்னை உயர் நீதிமன்றம் இதை முன்பே கவனித்தது. 2019 ஏப்ரலில் நீதிபதி வி. பார்த்திபன், 16க்கு மேற்பட்டோரின் இசைவான உறவுகளைச் சட்டத்திலிருந்து விலக்கலாம் என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய வழக்கொன்றை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழகக் காவல் தலைமை, காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் 2023இல் சட்ட ஆணையத்தின் 283ஆம் அறிக்கை வயதைக் குறைக்க மறுத்து, தண்டனை அளிப்பதில் நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை போதும் என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு மேற்கு வங்க வழக்கில் குற்றத்தை உறுதி செய்துவிட்டு, அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தண்டனையை விட்டுவிட்டது. அந்தப் பெண் கணவனை மீட்கப் பட்ட பாடுதான் அவளுக்குக் குற்றத்தைவிடப் பெரிய துன்பம் என்று நீதிமன்றமே கண்டது. அதே ஆண்டு வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் 16ஐக் கோரி எழுத்துரை தர, ஒன்றிய அரசு 18ஐ விடமாட்டோம் என்றது.

இசைவு வயதை 16க்கு இறக்குவதோடு சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு இடம் தரவில்லை. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 137ஆம் பிரிவு, காப்பாளர் வசமிருந்து கடத்தும் குற்றத்தை ஆண், பெண் இருவருக்கும் 18 என்று நிறுத்தியுள்ளது. அதிகபட்சத் தண்டனை ஏழாண்டு. அதைத் தொடாமல் இசைவு வயதை மட்டும் குறைத்தால் 1949இன் இரண்டாண்டு இடைவெளி திரும்பும். 17 வயதுப் பெண்ணின் காதலன் போக்சோவிலிருந்து தப்பி, கடத்தல் வழக்கில் நிற்பான். அங்கே அவன் விடுதலையாவானா என்பது, அந்த நீதிபதி 1964ஆம் ஆண்டு வரதராஜன் தீர்ப்பை எடுத்துப் படிக்கிறாரா, 1972ஆம் ஆண்டு ஹரியானா தீர்ப்பையா என்பதைப் பொறுத்தது.