மண்ணைத் தொடாத மழை

மேகத்தைக் கண்டால் மனம் குளிரும் என்பது உலக வழக்கம். கதை எழுதுகிற நானும் பல தடவை அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் கருமேகத்தைக் கண்டதும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும் ஊர்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்தின் மேட்டுப் பாலை அப்படிப்பட்ட பிரதேசம். 2013-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில், மூன்றே நாட்களில், அங்கே நடந்து முடிந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

பாலைவனம் என்றதும் மணல் மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வடமேற்கே போகும் சாலை சமவெளியை விட்டு மலை ஏறி, யார்னெல் என்ற சிற்றூரை அடையும்போது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,800 அடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. எங்கு பார்த்தாலும் உருண்டைப் பாறைகள். பாறைகளுக்கு இடையே ஆள் புக முடியாத புதர்க்காடு. 1863-இல் பக்கத்துக் குன்றில் தங்கம் கிடைத்தது. அந்த ஆசையில் ஓடி வந்தவர்களால் உண்டான பிரதேசம் இது. தங்கம் தீர்ந்தது, ஊர் மட்டும் நின்றது.

அங்கே கொடிய மாதம் ஜூன். காற்றில் ஈரமே இராது. அந்த வருஷம் ஜூன் 29-ஆம் தேதி ஃபீனிக்ஸில் உஷ்ணம் 119 டிகிரி. ஜூலை பிறந்து சில நாட்களில் தெற்கேயிருந்து ஈரக்காற்று வர ஆரம்பிக்கும். அதற்கு அவர்களும் 'மான்சூன்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கேயுள்ள தாழ்ந்த பாலையில் வாழும் ஓடம் என்னும் பழங்குடி மக்கள், வெயில் உச்சத்தில் இருக்கும்போது சகுவாரோ என்ற ராட்சசக் கள்ளியின் பழத்தைப் பறித்து, சாறு எடுத்துப் புளிக்கவைத்துக் குடித்து, மேகத்தை அழைப்பார்கள். அவர்களுக்கு வருஷப் பிறப்பே அதுதான். அவ்வளவு ஏக்கத்தோடு எதிர்பார்க்கப்படுவது அந்த மழை.

ஆனால் முதலில் வரும் மேகம் மழையைத் தராது. ஈரம் உயரத்தில் மட்டும் வந்து சேர்ந்திருக்கும். கீழே காற்று காய்ந்தே கிடக்கும். மேகத்திலிருந்து மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சாம்பல் நிறத் திரை தொங்குவது போல இருக்கும். ஆனால் பாதி வழியிலேயே அந்தத் திரை கரைந்து மறைந்துவிடும். ஒரு துளி மண்ணைத் தொடாது. மின்னல் மட்டும் தவறாமல் தொடும்.

கரைந்த மழை எங்கே போயிற்று? இதுதான் விஷயம். மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீரைக் குளிர வைக்கிறதல்லவா? அதைப் போலவே, ஆகாயத்தில் ஆவியாகும் மழை தன்னைச் சுற்றிய காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனக்கும். கனத்தது கீழே விழும். தரையில் மோதி நாலா பக்கமும் பாயும். இடிமேகத்தின் வயிற்றிலிருந்து இப்படிக் காற்று இறங்குவதை, 1946-லும் 1947-லும் விமானங்களைப் புயலுக்குள்ளேயே ஓட்டி ஆராய்ந்தார்கள். பயர்ஸ், பிரஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் 1949-இல் அதைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். ஆகவே மண்ணைத் தொடாத மழை வீணாய்ப் போன மழை அல்ல. அது காற்றாக மாறி வந்து சேர்கிறது.

யார்னெலுக்கு வடகிழக்கே பிரெஸ்காட் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் நகரசபைக்குச் சொந்தமாகக் காட்டுத்தீ அணைக்கும் குழு ஒன்று இருந்தது. கிரானைட் மலைக் குழு என்று பெயர். மொத்தம் இருபது பேர். பெரும்பாலோர் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த இளைஞர்கள். இவர்கள் தண்ணீர் ஊற்றி அணைப்பவர்கள் அல்ல. கோடரியும் மண்வெட்டியும் இயந்திர ரம்பமும் கொண்டு, தீ வரும் வழியில் புதரை வெட்டி, மண் தெரியும்படி கோடு போட்டு, தீயைப் பட்டினி போடுகிறவர்கள்.

அந்த ஜூன் 18-ஆம் தேதி அவர்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு தீ மூண்டது. அந்தக் காட்டில் பல நூற்றாண்டு வயதுள்ள ஒரு ஜூனிபர் மரம் நின்றது. முதலைத் தோல் போன்ற பட்டை. அந்த இனத்தில் நாட்டிலேயே மிகப் பெரிய மரங்களுள் ஒன்று. அதைச் சுற்றிலும் புதரை வெட்டி ஒதுக்கி இவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். வேலை முடிந்ததும் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி, கோபுரம் கட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, 28-ஆம் தேதி சாயங்காலம், யார்னெலுக்கு மேற்கே மலை முகட்டில் மின்னல் விழுந்தது. சின்னத் தீ. பாறைகளுக்கு நடுவே இரவில் ஆட்களை அனுப்புவது ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் சிலர் போனார்கள், விமானங்களும் வந்தன. பிற்பகல் காற்றில் தீ எல்லையைத் தாண்டிவிட்டது. 1966-க்குப் பிறகு எரியாத சரிவு அது. தீ வராத ஒவ்வொரு வருஷமும் அங்கே விறகு சேர்ந்த வருஷம்.

30-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கிரானைட் மலைக் குழு வந்து சேர்ந்தது. பகல் முழுதும் தீ வடகிழக்கு நோக்கி, ஊரை விட்டு விலகி நகர்ந்துகொண்டிருந்தது. குழு நின்ற இடம் ஏற்கெனவே எரிந்து கருகிய முகடு. எரிந்த இடம் மறுபடி எரியாது. அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

பிற்பகலில் வடக்கே இடிமேகம் திரண்டது. மணிக்கு 40 முதல் 50 மைல் வேகத்தில் காற்று அடிக்கும் என்று மூன்றரை மணிக்குச் சற்று முன்னால் எச்சரிக்கை வந்தது. நாலு மணிக்குள் தீ திரும்பத் தொடங்கிவிட்டது. குழுவின் காவலாளாகத் தனியே கீழே நின்ற இளைஞனை, அந்த வழியாக வந்த வேறொரு குழுவின் தலைவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு தப்பினார். மற்றப் பத்தொன்பது பேரும் கருகிய முகட்டை விட்டு, ஊர்ப் பக்கம் இருந்த ஒரு பண்ணை வீட்டை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தில் இறங்கினார்கள். இறங்கியதும் தீ அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நாலரை மணி சுமாருக்கு மேகத்திலிருந்து விழுந்த காற்று வந்து மோதிற்று. பள்ளத்தின் வாயை நெருப்பு அடைத்தது. தற்காப்புக் கூடாரங்களை விரிக்க இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பேரும் மாண்டார்கள். பண்ணை வீடு அரை மைல்கூட இல்லாத தூரத்தில் இருந்தது. அது எரியவில்லை.

பத்திரமான இடத்தை விட்டு ஏன் இறங்கினார்கள்? அந்த அரை மணி நேரத்தில் அவர்களிடமிருந்து உறுதியான செய்தி எதுவும் இல்லை என்கிறது விசாரணை அறிக்கை. அந்த அறிக்கை யாரிடமும் அலட்சியம் காணவில்லை. அதே வருஷக் கடைசியில், சர்க்காரின் தொழில் பாதுகாப்புத் துறை, அதே சர்க்காரின் வனத்துறைக்கு அபராதம் விதித்தது. ஊரைக் காக்கப் போனார்கள் என்பார் சிலர். வழியைத் தவறாகக் கணித்தார்கள் என்பார் சிலர். கதாசிரியனாக இருந்தால் அந்த மௌனத்தில் நாலு வார்த்தை பேச வைத்திருப்பேன். சரித்திரம் எழுதும்போது அந்த உரிமை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த நாட்டு ஜனங்கள் வருஷமெல்லாம் காத்திருந்த அதே மேகங்கள்தான் தீயை மூட்டின. தீயைத் திருப்பியும் விட்டன. வரம் வாசலுக்கு வரும் முன்னால் அதன் நிழல் வந்துவிடுகிறது. எச்சரிக்கை காதில் விழுந்தும், அந்த நிழல் எவ்வளவு வேகமாக நகரும் என்று மனித மனத்தால் கணக்கிட முடிவதில்லை.

2016-இல் அந்த மலையை நினைவுப் பூங்காவாக்கினார்கள். ஏறும் பாதையோரம் பத்தொன்பது பெயர்ப் பலகைகள். பாதை முகட்டில் ஏறி, அவர்கள் இறங்கிய அதே பள்ளத்தில் இறங்கி முடிகிறது. பிரெஸ்காட் பக்கத்தில் அந்த ஜூனிபர் மரம் தீக்குப் பிழைத்தது. அதைப் பார்க்கவும் ஜனங்கள் நடந்து போனார்கள். மாண்டவர்களின் உறவினர்களும் போனார்கள். பிள்ளைகள் கோபுரம் கட்டி நின்ற இடம் அதுதானே!